மரக்காணம் உப்பளத்தில் காரை நிறுத்தச் சொன்னேன்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுவது.

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் ரெக்சின் துணியில் சாக்கட்டியால் போட்ட அளவுகள்தான். ஞாபகமும் முன்போல இல்லை. ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்றை விட்டுவிடுவேன், பிறகு வந்து சேர்ப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நானாக எழுத உட்காரவில்லை. எனக்கு வழியனுப்பு விழா வைத்த அன்று கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் அதை வாங்கி அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, போர்த்திய சால்வையோடு இறங்கிவிட்டேன். முதலாளியின் மகள் அதை மறக்கவில்லை. "பேசத்தான் இல்ல, எழுதியாவது குடுங்க ஆயா" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

முத்தியால்பேட்டையில் நம் பட்டறைக்கு நான் வந்தது சீட் கவர் தைக்க. காருக்கு மேலே கேரியர் மாட்டுகிற வேலை பிறகுதான் என் கைக்கு வந்தது. கம்பிக்கு அடியில் வைக்க மெத்தை தைத்துக் கொடுக்கப் போனவள், பக்கத்தில் நின்று கயிறு கட்டுவதைப் பார்த்து, கட்டவும் ஆரம்பித்துவிட்டேன். கம்பியை எப்படி அறுப்பது, எத்தனை திருகு போடுவது என்பதையெல்லாம் மேஸ்திரி உங்களுக்குச் சொல்லித் தருவார். அதை நான் எழுதப் போவதில்லை. அவர் சொல்லித் தர முடியாத ஒன்று இருக்கிறது. வேலை முடிந்து, வண்டிக்காரர் சாவியைக் கையில் எடுத்த பிறகு, எங்கோ ஒரு தப்பு இருப்பது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. சுற்றி நாலு பேர் சந்தோஷமாக நிற்கிறார்கள். அப்போது என்ன செய்வீர்கள்? என்னைப் போல வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள் உங்களிலும் இரண்டு பேர் இருக்கிறீர்கள். விழா அன்றைக்கே பார்த்துவிட்டேன். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் என்னுடைய பழைய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

நான் பிறந்தது நோணாங்குப்பத்தில், ஆற்றங்கரையில். அப்பா மீன்பிடிக்கப் போனவர். எங்கள் வீடுகளில் எதையாவது கட்டுவதென்றால் முதலில் கயிற்றைத் தண்ணீரில் முக்கி எடுப்போம். நனைந்த கயிறு ஊதி இறுகும். முடிச்சு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். படகும் தண்ணீரில், கயிறும் தண்ணீரில், அதனால் அது இறுகியபடியே இருக்கும். கயிறு காயும் என்ற நினைப்பே எங்களுக்குக் கிடையாது.

பட்டறைக்கு வந்த புதிதில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், சொல்தா என்றுதான் தெருவில் அவரைச் சொல்வார்கள், மகள் வீட்டுக்கு ஒரு தேக்குக் கட்டிலைக் காரின் மேல் ஏற்றிக்கொண்டு போக வந்தார். கட்டுகிற வேலை அன்று எனக்கு வந்தது. நான் கயிற்றை வாளியில் முக்கி, எங்கள் வீட்டு வழக்கப்படி கட்டினேன். சுண்டினால் டங்கென்றது. எல்லாரும் மெச்சினார்கள். சித்திரை வெயில். விழுப்புரம் சாலையில் பாதி தூரம் போவதற்குள் கயிறு காய்ந்து தளர்ந்து, கட்டில் முன்னால் நகர்ந்து, கண்ணாடிக்கு மேலே தலையை நீட்டியதாம். நல்லவேளை மெதுவாகப் போயிருக்கிறார். திரும்பி வந்தவர் கோபப்படவில்லை. "நீ கட்டுன கட்டில் என்னைய எட்டிப் பாத்துதும்மா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அப்போதிருந்த மேஸ்திரி நல்ல மனிதர். திட்டவில்லை. ஒரு கயிற்றை நனைத்து, பட்டறை வாசலில் இரண்டு கம்பத்துக்கு நடுவில் என்னையே இழுத்துக் கட்டச் சொன்னார். போய் வேலையைப் பார் என்றார். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுக் காட்டினார். கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வியர்வையில் நனைந்த தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் காயப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் எடுத்த பாடம்.

இனி நான் சொல்ல வந்தது.

மூன்று வருடம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிய நேரத்தில், பழைய வெள்ளை அம்பாசடர் ஒன்று ஊர்ந்துகொண்டு வந்தது. வண்டிக்கு முன்னால் மீன் வாசனை வந்தது. ஓட்டி வந்தவர் கலியமூர்த்தி, மீன் வியாபாரி. டிக்கியில் மீன் பெட்டி ஏற்றி ஏற்றி அந்த வண்டி பின்பக்கம் தாழ்ந்திருந்தது. பின் சீட்டில் அவருடைய மகள் சந்தியா, லாஸ்பேட்டையில் கல்லூரிக்குப் போகிற பெண். அவள் ஜன்னல் வழியாக ஒரு கையை வெளியே விட்டு, காரின் கூரைமேல் கிடந்த ஒரு நீளமான பலகையை அழுத்திப் பிடித்தபடியே வந்திருந்தாள். கை மரத்துப்போய், இறங்கிய பிறகும் நீட்டியபடியே இருந்தது.

அலைமேல் நின்று சறுக்குகிற பலகை அது. நம் கடற்கரையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவளுக்குப் பழக்கிக் கொடுத்தவர் இரவலாகத் தந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குள், சென்னைக்கு இந்தப் பக்கம் இருக்கிற கோவளத்தில், போட்டிக்குப் பெயர் பதிய வேண்டும். ஒன்பதைத் தாண்டி ஒரு நிமிடம் ஆனாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். போன வருடம் பஸ்ஸில் போகப் பார்த்திருக்கிறாள். பலகையைப் பார்த்ததும் முதல் பஸ் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். இரண்டாவது பஸ்ஸிலும் அப்படியே. மூன்றாவதில் கெஞ்சி ஏறிப் போய்ச் சேரும்போது பத்தரை. மேசை நாற்காலியைக்கூட எடுத்துவிட்டார்களாம். இந்த வருடத்தோடு அவள் வயதுக்காரர்களுக்கான பிரிவு முடிகிறது. இதையெல்லாம் அவள் மேஸ்திரியிடம் சொன்னாள், நான் தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கலியமூர்த்திக்குக் கடையில் விற்கிற கேரியர் வேண்டாம். பட்டறையில் கிடக்கிற சாமானை வைத்துச் சிக்கனமாக ஒன்று செய்யச் சொன்னார். அதோடு, செய்வது செய்கிறோம், முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பெரிதாகச் செய்தால் பிறகு மீன் பெட்டியும் ஏற்றலாம் என்றார். மேஸ்திரியும் சரி என்று பழைய ஜன்னல் கம்பிகளை இழுத்துப் போட்டார்.

நான் எழுந்து போய்க் கூரையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தேன். பழைய வண்டிகளில் மழைத் தண்ணீர் வழிய அந்த ஓரத்தில் ஒரு மடிப்பு இருக்கும். கேரியரின் கால் அதில்தான் உட்காரும். பின்பக்க மூலையில் என் விரலுக்குக் கீழே இரும்பு இல்லை. உப்புக் காற்று தின்றுவிட்டிருந்தது. மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அங்கே கால் வைத்தால் காற்று தூக்கும்போது பலகையோடு மடிப்பும் பிய்ந்துகொண்டு வரும். இதைச் சொல்ல வேண்டும். கலியமூர்த்தியும் மேஸ்திரியும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த மூலையில் ஒட்டிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

மேஸ்திரிக்கு என் வழி தெரியும். பொட்டைப் பார்த்தார், வந்து திருப்புளியின் பிடியால் அந்த இடத்தைத் தட்டினார். பொத்தென்றது. பெரிய கேரியர் யோசனை அதோடு போயிற்று. இரண்டே கம்பி, நல்ல இரும்பு இருந்த முன்பக்கமாகத் தள்ளி. அடியில் பழைய டியூப் ரப்பர், மேலே சீட்டுக்குப் போட்டு மிஞ்சிய ஸ்பாஞ்சு. பலகையைக் கீறக் கூடாது என்பதற்காகப் பருத்திக் கயிறு. கம்பிகளோடு இரண்டு கட்டு. பலகையின் மூக்கிலிருந்து முன் பம்பருக்கு ஒன்று, வாலிலிருந்து பின் பம்பருக்கு ஒன்று. நன்றாக உலர்ந்த கயிறாகப் பார்த்து நானே கட்டினேன்.

கட்டி முடித்து, கலியமூர்த்தியிடம் போய்ச் சொன்னேன். இதை அவிழ்க்க வேண்டாம், நனைக்க வேண்டாம், ஐம்பதுக்கு மேல் ஓட்ட வேண்டாம். அவர் யாரோடோ போனில் மீன் பேசிக்கொண்டே "உம்" என்றார். நான் அந்த ஒரு உம்மை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிள்ளைகளே, இந்தக் கதையில் என் தப்பு அங்கேதான் இருக்கிறது. பின்னால் நடந்த எதற்கும் வேறு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

என் வீடு கருவடிக்குப்பத்தில். அவர்கள் வீடு அங்கிருந்து கிழக்கே, கடலோரம், நடக்கிற தூரம்தான். மறுநாள் விடிகிற நேரத்துக்குப் பால் வாங்கப் போனேன். வாங்கிய பால் பாக்கெட்டோடு, என்னை அறியாமல் அவர்கள் தெருவுக்குள் போய்விட்டேன். நாம் கட்டியது கிளம்புவதைத் தூரத்தில் நின்று பார்க்கலாம் என்றுதான்.

தெருவே கூடியிருந்தது. காரைக் கழுவி மாலை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பலகைக்கு மஞ்சள், குங்குமம். புதுப் படகைக் கடலில் இறக்கும் முன்னால் கடல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அவர்களுக்கு அந்தப் பலகையும் படகுதானே. கட்டை அவிழ்த்து இறக்கி, குடம் குடமாகக் கடல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, திரும்ப மேலே ஏற்றியிருந்தார்கள். கட்டுகிற உரிமை தாய்மாமனுக்கு. சந்தியாவின் மாமா ஏழுமலை, ஐம்பது வயது, கடலுக்குப் போகிறவர், கயிற்றைக் குடத்துத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, யாராவது வந்து அசைத்துப் பாருங்கள் என்றார். நாலு பேர் வந்து அசைத்தார்கள். அசையவில்லை. ஒருவர் கயிற்றைச் சுண்டினார்.

டங்கென்றது.

சொல்தாவின் கட்டில் கண்முன்னால் வந்து எட்டிப் பார்த்தது.

என்ன செய்வது? தாய்மாமன் கட்டிய கட்டை, நல்ல நேரத்தில், தெருவே பார்க்க, அவிழ்க்கச் சொல்வதா? கிளம்புகிற வண்டியை நிறுத்தினால் போகிற காரியம் நடக்காது என்று அத்தனை பேரும் முகம் சுளிப்பார்கள். நானும் அப்படியே வளர்ந்தவள்தான். சொல்லாமல் விட்டால், வெயில் ஏறியதும் எங்கோ ஓரிடத்தில் பலகை பறக்கும். அந்தப் பெண்ணின் வருடம் போகும். பின்னால் பைக்கில் யாராவது வந்தால் அதைவிடப் பெரியதும் போகும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கி, கார் நகர்ந்தது. என் கால் தானாகப் போயிற்று. பின் கதவைத் திறந்து சந்தியாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கலியமூர்த்தி திரும்பிப் பார்த்தார். "என்னாக்கா?"

"நானும் வர்றேன்."

முன் சீட்டில் இருந்த ஏழுமலை யாரென்று கேட்டார். கேரியர் போட்ட அக்கா என்றார் கலியமூர்த்தி. ஏழுமலை என் மடியில் இருந்த பால் பாக்கெட்டைப் பார்த்தார்.

"பாலோட ஏறியிருக்காங்க மச்சான். நல்ல சகுனம். வுடு வண்டிய."

பின் சீட்டில் இருந்து பார்த்தால், இரண்டு ஆண்களின் தோளுக்கு நடுவே, பலகையின் மூக்கிலிருந்து பம்பருக்கு இறங்குகிற கயிறு தெரிந்தது. நான் அதை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். கோட்டக்குப்பம், காலாப்பட்டு தாண்டும் வரைக்கும் கம்பி மாதிரி நின்றது. சந்தியா ஏதோ பேச்சுக் கொடுத்தாள், நான் தலையாட்டினேன். கூனிமேடு தாண்டியதும் சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது. வெயிலோடு காற்றும் சேர்ந்தால் பருத்தி எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? மரக்காணம் உப்பளம் வந்தபோது கயிறு லேசாக நடுங்கியது.

"தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க."

ஏனென்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். வயதான பெண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வண்டியை நிறுத்தச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏழுமலை வெளியே பார்த்தார். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாக உப்பு.

"இங்கயாக்கா? ஒரு செடிகூட இல்லையே. கொஞ்ச தூரம் போனா சவுக்குத் தோப்பு வரும்."

"இங்கதான்" என்றேன்.

அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஆண்கள் இருவரும் இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உப்பையே பார்த்தபடி நின்றார்கள். சந்தியா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் காரைச் சுற்றி வந்து, நாலு கட்டையும் தொட்டுப் பார்த்து, தொய்ந்த மட்டும் இழுத்து, மேலே ஒரு முடிச்சுப் போட்டேன். பட்டறையில் இத்தனை வருடத்தில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையோடு வேலை செய்ய விட்டதில்லை.

வண்டி கிளம்பியதும் ஏழுமலை என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவான குரலில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். உம் என்றேன். தன் அம்மாவுக்கும் இருந்தது, வெந்தயம் ஊறப் போட்டுச் சாப்பிடுங்கள் என்றார். கடப்பாக்கம் வரைக்கும் சர்க்கரைக்கு எதெல்லாம் நல்லது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சர்க்கரை இல்லை. பொய் சொன்ன கூச்சத்தில் நான் ஒவ்வொன்றையும் மனதில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் உள்முடிச்சில் இன்னும் ஈரம் இருந்தது. அது காயக் காயத் தொய்வு திரும்ப வந்துகொண்டிருந்தது. நான் இடது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். காரின் நிழல் அந்தப் பக்கம் மண்ணில் கூடவே ஓடி வந்தது. கடப்பாக்கத்துக்குப் பிறகு அந்த நிழலில் பலகையின் மூக்கு மேலும் கீழும் தலையாட்ட ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு பைக்கில் புருஷன் பெண்டாட்டி, நடுவில் ஒரு கைக்குழந்தை.

மணி எட்டு ஆகப்போகிறது. திரும்பவும் நிறுத்தச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? நான் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிழலையும் பைக்கையும் மாறி மாறிப் பார்த்தேன். சந்தியா என்னைப் பார்த்தாள். பிறகு நான் பார்த்த இடத்தைப் பார்த்தாள். தலையாட்டுகிற நிழல் அவளுக்கும் தெரிந்தது.

"அப்பா, நிறுத்துங்க. எனக்கு வருது."

"மணி என்னா ஆவுது பாரு. உனக்காகத்தான போறோம்."

"நிறுத்துங்கப்பா."

வீணாகிற ஒவ்வொரு நிமிடமும் அவளுடையது. அது தெரிந்தும் வண்டியை நிறுத்தியவளும் அவளே. இத்தனை நாள் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு மனம் குளிர்கிறது. பைக் எங்களைத் தாண்டிப் போயிற்று. அந்தக் குழந்தை எங்கள் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது.

கலியமூர்த்தி போனை எடுத்துக்கொண்டு கடல் பக்கம் நடந்தார். ஏழுமலை முன் சீட்டிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் இந்தப் பக்கம் இறங்கினோம். மரக்காணத்திலும் இதைத்தான் செய்தீர்களா என்று சந்தியா என் காதில் கேட்டாள். தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் கயிற்றை இழுத்தாள். நான் பம்பரில் ஒரு காலை ஊன்றி முடிச்சோடு மல்லுக்கட்டினேன். கார் அசைந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் ஏழுமலை எதிரில் நிற்கிறார்.

அவர் கயிற்றைப் பார்த்தார். பம்பர்மேல் இருந்த என் காலைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என் கட்டுல என்னா குத்தம் கண்டீங்க?"

நான் காலை இறக்கினேன். அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து வாய் வந்ததென்று தெரியவில்லை.

"குத்தம் இல்ல தம்பி. இது கடல்ல அவுழாத கட்டு. நனைஞ்ச கயிறு வெயில்ல காயுது, அதான் தளருது."

"அப்ப தெருவுலயே சொல்லக் கூடாதா?"

"நாலு பேர் நடுவுல உங்க கட்டப் பத்தி எப்படிச் சொல்றது? நான் நோணாங்குப்பம். நானும் இதே மாரி நனைச்சிக் கட்டி, ஒருத்தர் கட்டில ரோட்டுல வுடப் பாத்தவதான்."

அவர் கயிற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் காய்ந்து, ஒரு பக்கம் ஈரம். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"பொறந்ததுலேர்ந்து கயித்தப் புடிச்சிகினு இருக்கேன். கயிறு காயும்னு இன்னிக்குத்தான் தெரியுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "சக்கர இருக்கா, அதுவும் பொய்யா?" என்றார்.

"பொய்தான்."

"வெந்தயம் சாப்புடுங்க. எப்படியும் நல்லதுதான்."

சொல்லிவிட்டு நாலு கட்டையும் முழுதாக அவிழ்த்தார். தான் தோளில் போட்டிருந்த துண்டால் கயிற்றைத் துடைத்தார். நான் பிடிக்க, சந்தியா பலகையை நிமிர்த்த, அவர் கட்டினார். கலியமூர்த்தி திரும்பி வந்தபோது மூன்று பேரும் நல்ல பிள்ளைகளாக உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு அந்த முன் கயிற்றைப் பார்ப்பவர்கள் மூன்று பேர் ஆனோம். கல்பாக்கம் தாண்டியதும் ஏழுமலை நெளிந்தார்.

"மச்சான், நிறுத்து. எனக்கு வருது."

"உங்க எல்லாருக்கும் என்னாதான் ஆச்சி?" என்று கலியமூர்த்தி ஸ்டியரிங்கைத் தட்டினார். ஆனாலும் நிறுத்தினார். ஏழுமலை மறைவெல்லாம் தேடவில்லை. இறங்கி, நேராகக் காரை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு கயிற்றையும் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "வரல. நீ போ" என்றார். சந்தியா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவள் கண்ணீர் என் புடவையை நனைத்துவிட்டது.

கோவளத்தில் இறங்கும்போது ஒன்பதுக்கு நாலு நிமிடம். சந்தியா செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு மணலில் ஓடினாள். தூரத்தில் ஒரு மேசை. அதில் உட்கார்ந்திருந்த பெண் பேனாவை மூடப் போகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. சந்தியா குனிந்து எழுதுவதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். அவள் அங்கிருந்தே எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினாள். முந்தின நாள் மரத்துப்போய் நீட்டியபடி இருந்த கை அது.

போட்டியைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. அலை வந்தது, நிறைய பேர் விழுந்தார்கள், அவள் நின்றாள். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து, கரை வரைக்கும் நின்றபடியே வந்தாள். ஏழுமலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினார். கலியமூர்த்திக்கு இரண்டு முறை போன் அடித்தது, எடுக்கவில்லை. அவள் இரண்டு சுற்றுத் தாண்டினாள். மூன்றாவதில் ஒரு பெரிய அலை உருட்டிவிட்டது. எழுந்து வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் ஏழுமலை ஊருக்குத் திரும்பித் தெருவில் சொன்னதைக் கேட்டவர்கள் அவள்தான் முதலில் வந்தாள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பால் காரிலேயே திரிந்துபோயிற்று.

திரும்பி வரும்போது கயிற்றை அவர்தான் கட்டினார். உலர்ந்த கயிறு. வழியில் வண்டி ஒரே இடத்தில் நின்றது, அதுவும் டீ குடிக்க. இறங்கியதும் நாங்கள் மூன்று பேரும் முதலில் கயிற்றைத் தொட்டோம். கலியமூர்த்திக்கு அப்போதுதான் விஷயத்தைச் சொன்னோம். நான் நேற்றுச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் எங்கே சொன்னீர்கள் என்றார். அது நியாயம்தான். போனில் இருக்கிறவர் காதில் முனகுவது சொன்னதாகாது.

ஆகவே பிள்ளைகளே, நான் செய்ததில் பாதிதான் சரி. மரக்காணம் வருவதற்கு முன்பே பலகை கழன்றிருந்தால் இதை நான் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. தெருவிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முந்தின நாள், அந்தக் கயிற்றை வீட்டில் யார் தொடப்போகிறார்கள் என்று கேட்டு, அவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உங்களால் பேச முடிந்தால் பேசிவிடுங்கள். முடியவில்லையென்றால் பொட்டை ஒட்டுங்கள். அதுவும் முடியாத இடத்தில் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். கூச்சத்தோடு வீட்டுக்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள்.

கயிற்று நுனியில் தைக்கச் சொல்லி உங்களிடம் ஒரு சிவப்பு ரெக்சின் துண்டு கொடுக்கிறார்களே, 'நனைக்காதீர்கள், பத்து கிலோமீட்டரில் நிறுத்தித் தொட்டுப் பாருங்கள்' என்று எழுதியது, அது வந்த கதை இதுதான். கோவளத்திலிருந்து வந்த மறுநாள் முதல் துண்டை நான் தைத்தேன். எழுத்து கோணலாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் நீங்கள் இன்னும் வெட்டுகிறீர்கள்.

இதில் ஊர்ப் பெயர்களை முன்பின்னாகச் சொல்லியிருப்பேன். இரண்டாவது தடவை நின்றது கடப்பாக்கம் தாண்டியா, கூவத்தூர் தாண்டியா என்று உறுதியாகத் தெரியவில்லை. சந்தியாவிடம் காட்டி யாராவது சரிபார்த்துவிடுங்கள். ஏழுமலைத் தம்பியிடம் காட்ட வேண்டாம். அவர் இப்போது கடற்கரையில் சொல்கிற கதையில் மரக்காணத்திலேயே கயிறு தளர்ந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இன்னும் ஒன்று. கலியமூர்த்தி போன மாதம் சீட் கவர் மாற்ற அந்த வண்டியைக் கொண்டுவந்தாராம். கூரையில் பின் மூலையில் என் பொட்டை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார் என்று மேஸ்திரி சொன்னார். அது வலது மூலையா இடது மூலையா என்பது எனக்கு மறந்துவிட்டது. அடுத்த முறை வண்டி வந்தால் விரல் வைத்துப் பார்த்து இங்கே எழுதிவிடுங்கள்.